செவி வழிச் சென்ற மேதை: சர் சி. வி. ராமன்

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 வந்துவிட்டால் நம் கல்லூரியின் இயற்பியல் துறை வாசலில் தலைப்பாகை அணிந்த ஒரு படம் மாலையுடன் நிற்கும். படத்திலிருப்பவர் யார் என்று முதலாண்டு மாணவரைக் கேட்டாலும் விடை உடனே வரும். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று சிந்தித்தவர். ஒளிச் சிதறலில் புது உண்மை கண்டவர். நோபல் பரிசு பெற்றவர். இவை யாவும் உண்மையே. ஆயினும் அவர் வாழ்வில் பாதிக் கதைதான் இது. ஒளியின் பக்கம் முழுமையாகத் திரும்புமுன் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அவர் ஓசையின் பின்னாலேயே அலைந்தார். ஒற்றைத் தந்தி, வயலின், வீணை, மிருதங்கம், குவிமாடம் என்று அவர் காது தொட்டவை பல. அந்த மறுபாதிக் கதையையே இங்கு எழுத முற்படுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது நூலகமன்று. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டை. வேப்பம்பட்டில் இரயில் பாதைக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு. அப்பா காக்களூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறார். மார்கழி மாதத்தில் தெரு பஜனையில் மிருதங்கமும் அவர்தான். சென்ற தீபாவளிக்கு வந்த போனஸ் பணத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஒலிப்பெட்டித் தொகுதி ஒன்றை வாங்கினார். கச்சேரி கேட்க வேண்டும், அதிலும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் நாதம் நன்றாகக் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

பெட்டி வந்தது, அமைதி போயிற்று. கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அப்பாவுக்குத் தொப்பி கேட்கவே இல்லையாம். மூலையில் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்த எனக்கோ தலைக்குள் யாரோ அண்டாவை உருட்டுவது போலிருந்தது. அவர் குமிழைத் திருகிக் கூட்டுவார். நான் எழுந்து குறைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் கண்ணாடி அதிர்கிறதென்று இருமுறை வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒருநாள் கோபத்தில் நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். இருபது வருடம் பிரஸ் இரைச்சலில் நின்று காது போய்விட்டது, அதை ஒப்புக்கொள்ளாமல் பெட்டியைக் குறை சொல்கிறீர்கள் என்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு வெளித்திண்ணைக்குப் போய்விட்டார். அதன்பின் பல வாரங்கள் அவர் அதைத் தொடவேயில்லை.

இந்த நிலையில்தான் அறிவியல் நாள் விழாவில் ராமனைப் பற்றிப் பேசும் பணி எனக்குத் தரப்பட்டது. அதற்காகப் படிக்கத் தொடங்கியவன், என் வீட்டுக் கூடத்திலேயே வந்து நின்றேன்.

இளமையும் இசையும்

1888 நவம்பர் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர். அவர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணியேற்கவே, ராமனின் இளமைப்பருவம் அக்கடற்கரை நகரில் கழிந்தது. தந்தைக்கு வயலின் வாசிப்பதில் ஈடுபாடு உண்டு. வீட்டில் ஒரு பக்கம் இயற்பியல் நூல்கள், மறுபக்கம் வயலின். மகன் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே கற்றுக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது.

பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904 இல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். எம்.ஏ. பட்டத்தை 1907 இல் முடித்தார். அதற்கு முந்திய ஆண்டே, பதினெட்டு வயது நிறைவதற்குள், ஒளியின் விளிம்பு விளைவைப் பற்றிய அவரது முதல் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் அச்சேறிவிட்டது. அந்நாளில் அவரை ஆட்கொண்ட நூல்களுள் ஒன்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலிகளைப் பற்றி எழுதிய பெருநூல். காது எதைக் கேட்கிறது, ஏன் ஓர் ஒலி இனிக்கிறது, மற்றொன்று ஏன் கசக்கிறது என்ற வினாக்களை அறிவியலாக்கிய நூல் அது.

1907 இல் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். அம்மையார் வீணை வாசிப்பவர். அந்த வீணையிசையைக் கேட்டே ராமன் மணம் செய்ய முடிவெடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆக, அவருடைய இல்லறமும் ஓசையிலேதான் தொடங்கியது.

அலுவலகத்துக்கு முன்னும் பின்னும்

அக்காலத்தில் அறிவியல் படித்த இந்திய இளைஞனுக்கு ஆய்வை நம்பி வாழ வழியில்லை. ராமன் நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்று, 1907 இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பணியில் சேர்ந்தார். நல்ல ஊதியம், உயர்ந்த மதிப்பு. வேறொருவராயிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

ஆனால் ஒருநாள் டிராம் வண்டியில் போகையில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876 இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, உழைக்க ஆளில்லை. ராமன் உள்ளே நுழைந்தார். அங்குப் பணியிலிருந்த ஆசுதோஷ் தே பின்னாளில் அவருக்கு நீண்ட காலத் துணையாளரானார். காலையில் அலுவலகம் போகுமுன் சில மணி நேரம். மாலையில் அலுவலகம் விட்டபின் இரவு வரை. விடுமுறை நாளென்றால் முழு நாளும். இதுவே அவருடைய கால அட்டவணை. இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி 1911 இல் மீண்டும் கல்கத்தா வந்தபோதும் இந்த வழக்கம் மாறவில்லை.

அந்த ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. எனவே அவர் நம் வீதிகளில் கிடைத்ததையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பிச்சைக்காரரும் பாணரும் மீட்டும் ஒற்றைத் தந்திக் கருவியான ஏக்தாராவைப் பற்றி 1909 இல் எழுதினார். நம் நாட்டு இசைக்கருவிகளை இத்தனை மதிப்புடன் ஆய்வுமேடைக்குக் கொண்டுவந்த இயற்பியலார் அவருக்கு முன் அரியர்.

ஓநாய்ச் சுரம்

வயலின் குடும்பத்தில் பெரிய கருவியான செல்லோவை வாசிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எல்லாச் சுரங்களும் ஒழுங்காக வரும். குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த சுரத்தில் மட்டும் கருவி திக்கித் திணறி ஊளையிடும். மேலை நாட்டார் அதற்கு ஓநாய்ச் சுரம் என்றே பெயரிட்டிருந்தனர். குறை வில்லிலா, விரலிலா, தந்தியிலா என்று வாசிப்பவர் குழம்புவர்.

ராமன் 1916 இல் இதற்கு விடை கண்டார். தந்தியும் மரப்பெட்டியும் அசைவதை ஒரே நேரத்தில் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தார். கருவியின் மரப்பெட்டிக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. தந்தியின் சுரம் அதனோடு ஒன்றிவிட்டால் பெட்டி பெரிதாக அதிர்ந்து, தந்தியின் ஆற்றலை விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. வில்லின் அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தந்தியின் அடிச்சுரம் தளர்ந்து, மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. அப்போது பெட்டியின் அதிர்வு அடங்குகிறது. அடங்கியதும் தந்தி பழைய சுரத்துக்குத் திரும்புகிறது. பெட்டி மீண்டும் உறிஞ்சுகிறது. ஏறுவதும் இறங்குவதுமாகிய இந்தச் சுழற்சியே அந்த ஊளை.

இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். தந்தியிலும் குற்றமில்லை, பெட்டியிலும் குற்றமில்லை. இரண்டும் சேருமிடத்தில், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும், குறை பிறக்கிறது. ஒலிப்பெட்டியை மட்டுமே குறை சொன்ன அப்பாவுக்கும், அப்பாவின் காதை மட்டுமே குறை சொன்ன எனக்கும் நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்த விடை அல்லவா இது! எங்கள் வீட்டில் ஒலிப்பெட்டி தந்தியென்றால், அதைச் சூழ்ந்த மரப்பெட்டி எது? கூடம்தான். இதைப் படித்த அன்றுதான் முதன்முறையாக நான் எங்கள் சுவர்களைப் பார்த்தேன்.

துறந்ததும் பெற்றதும்

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, புதிதாக ஏற்பட்ட பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்கு அளிக்க விரும்பினார். ஊதியம் நிதித்துறையில் கிடைத்ததைவிடக் குறைவு. அப்பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டுமென்ற நிபந்தனையும் இருந்தது. அதற்கு ராமன் உடன்படவில்லை. நிபந்தனை தளர்ந்தது. 1917 இல் ராமன் அரசுப் பணியைத் துறந்தார். அரசு வேலைக்கான தேர்வுநூல்களைச் சுமந்துகொண்டு மின்சார இரயிலில் வந்துபோகும் நம் போன்றோர் இந்தப் பகுதியை மெல்லக் கடந்துவிட முடியாது. அப்படித் துறக்கும் துணிவு எனக்கு உண்டா என்பதை நான் அறியேன். ஆனால் துறப்பதற்கு முந்திய பத்தாண்டுகள், வேலையிலிருந்துகொண்டே காலையும் மாலையும் அவர் உழைத்ததை நாம் எவரும் பின்பற்றலாம்.

1918 இல் வயலின் குடும்பக் கருவிகளின் அதிர்வுகள் பற்றிய விரிவான ஆய்வு வெளியாயிற்று. அடுத்து அவர் செய்த ஒரு பொறி வேடிக்கையானது. மனிதக் கையால் வில்லை ஒரே அழுத்தத்துடனும் ஒரே வேகத்துடனும் இழுக்க முடியாது. எனவே அளவீடு நம்பத்தக்கதாக இராது. ஆகவே வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினை முன்னும் பின்னும் நகரச் செய்தார். வேகத்தையும் அழுத்தத்தையும் ஒவ்வொன்றாக மாற்றி அளந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று என்ற ஆய்வக விதிக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

மிருதங்கத்தின் இரகசியம்

இசை கேட்கும் இந்தியர் அனைவரும் ராமனுக்குக் கடன்பட்டுள்ள ஆய்வு இது. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டி அடித்தால், அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அடிச்சுரத்தை 1 என்று கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றிப் போகும். அதனால்தான் மேலை நாட்டு முரசுகள் பலவற்றில் ஓசை உண்டு, சுருதி இல்லை. நம் மிருதங்கமும் தபலாவும் மட்டும் எப்படிச் சுருதி சேர்ந்து பாடகரோடு இழைகின்றன?

விடை வலந்தலையின் நடுவிலுள்ள கரணையில் இருக்கிறது. அந்தக் கரிய சோற்றை நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிதாகவும் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பதிக்கும்போது தோலின் எடை ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுகிறது. அதனால் ஒழுங்கற்ற மேற்சுரங்கள் இடம்பெயர்ந்து 1, 2, 3, 4, 5 என்னும் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. 1920 இல் தம்முடன் பணியாற்றிய குமார் என்பவரோடு சேர்ந்து இதை நேச்சர் இதழில் அறிவித்தார் ராமன். 1934 இல் மீண்டும் விரிவாக எழுதினார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அதிராத இடங்களில் மணல் கோடுகளாகச் சேரும். அந்தக் கோலங்களைக் கொண்டு, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களாக ஒன்று திரள்வதைக் காட்டினார். பெயர் தெரியாத நம் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாகக் காதால் கண்டறிந்ததை, ராமன் கணக்கால் மெய்ப்பித்தார். அவர்களுடைய அறிவைத் தயங்காது போற்றவும் செய்தார்.

இதைப் படித்தபோது என் நினைவில் வந்தது அப்பாவின் கை. பஜனைக்கு முன் ரவையை நீர்விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவார். தட்டிப் பார்ப்பார். ஒரு சிட்டிகை சேர்ப்பார், மீண்டும் தட்டுவார், சற்றுச் சுரண்டி எடுப்பார். எடை கூடினால் சுரம் இறங்கும் என்ற சூத்திரத்தை அவர் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. இப்படிப்பட்ட காதைத்தான் நான் போய்விட்டது என்றேன்.

குவிமாடத்தில் ஒரு முணுமுணுப்பு

1921 இல் ராமன் முதன்முறையாகக் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். அங்கே இலண்டன் புனித பால் பேராலயத்தின் குவிமாடத்தில் முணுமுணுப்புக் கூடம் ஒன்றுண்டு. சுவரோரம் ஒருவர் மெல்ல முணுமுணுத்தால் எதிர்ப்புறச் சுவரோரம் காது வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது என்று இராலே பிரபு விளக்கியிருந்தார். சுற்றுலாப் பயணிகள் வியந்துவிட்டுப் போகும் அந்த இடத்தில் ராமன், சதர்லேண்ட் என்பவரோடு சேர்ந்து அளக்கத் தொடங்கினார். ஒலி சுவரருகே சீராகப் பரவியிருக்கவில்லை. ஓரிடத்தில் கூடியும் அடுத்த இடத்தில் குறைந்தும் மாறிமாறி அமைந்திருப்பதைக் கண்டனர். தாயகம் திரும்பியபின் பீஜப்பூர் கோல்கும்பஸ் போன்ற நம் நாட்டுக் குவிமாடங்களையும் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

கட்டடமும் ஓர் இசைக்கருவியே என்ற எண்ணம் அப்போது உலகில் வேரூன்றத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895 இல் ஒரு புதிய விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை விநாடி வரை அறையில் சுழன்றது. அதைச் சரிசெய்யும் பொறுப்பை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் ஏற்றார். அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயையும் நேரங்காட்டியையும் தம் காதையும் மட்டுமே கொண்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடியுமுன் மெத்தைகள் உரிய இடத்துக்குத் திரும்பிவிடும். அவருடைய கணக்கைக் கொண்டு அமைத்த பாஸ்டன் இசையரங்கம் 1900 இல் திறக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் ஒருவர், ஹார்வர்டில் ஒருவர். இருவருக்கும் ஆய்வு நேரம் ஊர் ஓய்ந்த நேரமே.

ஒளியின் உச்சியில்

அந்த இங்கிலாந்துப் பயணத்திலிருந்து திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்ததும், அதிலிருந்து ஒளிச் சிதறல் ஆய்வு வளர்ந்ததும், 1928 பிப்ரவரி 28 அன்று கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு ராமன் விளைவு கண்டறியப்பட்டதும், 1930 இல் நோபல் பரிசு வந்ததும் நாமெல்லாம் அறிந்தவை. ஆனால் ஒளிக்குப் போனபின்னும் அவர் ஓசையைக் கைவிடவில்லை. ஜெர்மனியில் வெளியான இயற்பியல் கையேட்டுத் தொகுதியில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுத அழைக்கப்பட்டவர் ராமனே. 1927 இல் அது வெளிவந்தது. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் நாகேந்திரநாத்துடன் சேர்ந்து செவிக்கெட்டாத ஒலியலைகள் ஒளியை எவ்வாறு சிதறச் செய்கின்றன என்று விளக்கியபோது, அவருடைய இரு காதல்களும் ஒரே சமன்பாட்டில் சந்தித்தன.

1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1934 இல் இந்திய அறிவியல் அகாதெமியைத் தொடங்கினார். அவர் குறையற்றவர் என்று சொல்லி முடித்தால் அது வரலாறாகாது. பிறர் மனத்தைப் புண்படுத்தும் சொல்லும், எளிதில் வளைந்துகொடுக்காத இயல்பும் அவருக்கு உண்டு. நிருவாகத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் 1937 இல் இயக்குநர் பதவியை விட்டு விலகி, 1948 வரை பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். கருவிகளிடம் அவர் காட்டிய பொறுமையை மனிதரிடம் எப்போதும் காட்டினார் என்று சொல்வதற்கில்லை. இந்த வரியை எழுதும்போது என் முகமும் எனக்குத் தெரிகிறது.

1948 இல் தமது பெயரிலான ஆராய்ச்சி நிலையத்தைப் பெங்களூரில் நிறுவினார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். அவர் விரும்பிய அந்த நிலையத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவுக் கல் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

எங்கள் கூடத்தில்

இனி என் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் கூடம் 14 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். சுண்ணாம்புச் சுவர், கான்கிரீட் தளம். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். அறையும் இருபுறம் மூடிய குழாய்தான். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அதன் முதல் ஒத்ததிர்வு கிடைக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். கணக்கிட்டால் நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57, உயரமும் பத்தடியே ஆதலால் அதற்கும் 57. மூன்றும் சப்வூஃபரின் எல்லைக்குள் விழுகின்றன. அவற்றுள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் நிற்கின்றன.

காது உணர்வது அழுத்த மாற்றத்தை. இந்த நிலையலைகளில் அழுத்தம் சுவரோரத்தில் மிகுதி; மூலையில் மூன்றும் கூடுவதால் மிகமிக மிகுதி; அறையின் நடுவில் ஏறத்தாழச் சூன்யம். சப்வூஃபர் ஒரு மூலையில். நான் படித்தது மறு மூலையில். அப்பாவின் நாற்காலியோ நீளத்துக்கும் அகலத்துக்கும் சரி நடுவில். அமர்ந்தால் காது உயரத்திலும் நடுவை நெருங்கிவிடும். அவர் சொன்னது மெய். நான் சொன்னதும் மெய். இருவரும் வேறு வேறு ஓசைகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மேலும் ஒன்றைப் படித்தறிந்தேன். இயந்திர இரைச்சலால் கெடும் செவி முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஓசைகளை. தாழ்ந்த ஓசைகளை அன்று. ஆகவே நான் சொன்ன சொல் அன்பின்மை மட்டுமன்று, இயற்பியலும் பிழை.

அன்றிரவு கடைசி இரயில்கள் போனபின் கைப்பேசியிலிருந்து 57 ஹெர்ட்ஸ் ஓசையைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டு முதன்முறையாக அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓசை ஏறத்தாழ இல்லை. எழுந்து சுவரை நோக்கி நடந்தேன். அடிக்கு அடி அது வளர்ந்தது. ஓசை அடங்கும் இடங்களிலெல்லாம் அம்மாவின் கோலமாவால் தரையில் புள்ளி வைத்தேன். ராமன் மிருதங்கத் தோலில் மணலால் கண்டதை நான் தரையில் கண்டேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த அப்பா கதவருகே நின்றார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாகவும், அவர் சொன்னதே சரி என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேறு சொல் எனக்கு வரவில்லை. அவர் குனிந்து புள்ளிகளைப் பார்த்தார். பிறகு, பஜனை மடத்தில் மிருதங்கத்தை மூலையில் வைத்து வாசிக்கக் கூடாது, தொப்பி கொழகொழத்துவிடும் என்று அவருடைய குரு அடிக்கடி சொல்வாரென்று மட்டும் சொன்னார்.

இருவரும் சேர்ந்தே வேலையைத் தொடங்கினோம். முதலில் நாற்காலியை நடுவிலிருந்து பின்னுக்கு நகர்த்தி, பின்சுவரிலிருந்து நாலரை அடியிலும், பக்கச்சுவர் ஒன்றிலிருந்து மூன்றரை அடியிலும் வைத்தோம். அடுத்து சப்வூஃபரைத் தூக்கி அந்த நாற்காலிமேல் வைத்துவிட்டு, நான் சுவரோரமாகத் தவழ்ந்து போய், எங்கே ஓசைகள் ஏற்றத்தாழ்வின்றிக் கேட்கின்றன என்று பார்த்தேன். ஒலிமூலத்தையும் காதையும் இடம் மாற்றினாலும் இடையிலுள்ள உறவு மாறாது என்பது இராலே பிரபு காட்டிய விதி. அப்படிக் கண்ட இடத்தில், மூலையிலிருந்து விலகி, நீளச்சுவரோரம் பெட்டியை இறக்கினோம். அதன்பின் சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும், ஸ்பீக்கர்களுக்கு அதற்கு மேலும் பிரித்துக் கொடுத்து, இரண்டின் உரப்பையும் சமன் செய்தோம். எஞ்சி நின்ற 57 ஹெர்ட்ஸ் வீக்கத்தை மட்டும் ஈக்வலைசரில் சற்றுக் குறைத்தோம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. வீங்கிய ஓசையைக் குறைக்கலாம். ஆனால் சூன்யமான இடத்தில் குமிழைத் திருகி ஓசையை நிரப்ப முடியாது. எவ்வளவு கூட்டினாலும் எதிரொலியும் அதே அளவு கூடி அழித்துவிடும். நடுவில் ஒன்றும் கேட்காமலே பக்கத்து வீட்டு ஜன்னல்தான் அதிரும். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர்களில் இப்போது வரும் அறைத் திருத்த வசதியும் மைக்கைப் பல இருக்கைகளில் வைத்து இதையே அளந்து திருத்துகிறது. நாற்காலியை நகர்த்த மட்டும் அதனால் முடியாது. திரைச்சீலையும் ஜமுக்காளமும் தொங்கவிட்டுப் பார்த்தேன். கைதட்டலின் எதிரொலி அடங்கியது. 57 ஹெர்ட்ஸ் அசையவில்லை. ஆறு மீட்டர் நீளமுள்ள அலைக்கு ஒரு துணி எம்மாத்திரம்!

நள்ளிரவு தாண்டி அப்பா தமக்குப் பிடித்த தனி ஆவர்த்தனம் ஒன்றை மெல்லிய ஒலியில் வைத்தார். தொப்பி பேசியது. அவர் விரல்கள் நாற்காலிக் கையில் தாமாகத் தாளமிட்டன. ஈக்வலைசரில் இன்னும் ஒரு சிட்டிகை குறைக்கும்படி கை காட்டினார், குறைத்தேன். போதும் என்று தலையசைத்தார். ரவை அப்பும்போது அவர் முகத்தில் இருக்கும் அதே கவனம் அப்போது இருந்தது.

மாணவ நண்பர்களே, ராமனின் வாழ்வில் நான் கற்றது பெரிய தத்துவமன்று. அவர் காதை நம்பினார், நம்பியதை அளந்தார், அளக்கும்வரை எவர்மேலும் பழி போடவில்லை. வில், தந்தி, மரம், தோல் ஆகியவற்றிடம் அவர் கேட்டறிந்ததுபோல, நான் முதல்நாளே எழுந்து போய் அப்பாவின் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும்.

அம்மா தினமும் காலையில் கூடத்தைப் பெருக்கும்போது நாற்காலியைப் பழக்கத்தால் நடுவில் கொண்டுவந்து போட்டுவிடுகிறார். மாலையில் அப்பா வருமுன் அதைப் பின்னுக்கு நகர்த்தி வைப்பது இப்போது என் வேலை.